லினெட் டீச்சர் திறந்துகாட்டிய பதினான்கு வீடுகள்

லினெட் கிராஸ்னியைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷி என்பார்கள். நானும் பத்து வருஷம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது அந்தப் பெயரைக் கேட்டாலே அருவருப்பாக இருக்கிறது. அவளை நினைத்து மட்டும் என்றால் பரவாயில்லை, என்னையும் சேர்த்து நினைத்துத்தான்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஈரி ஏரிக்கரையில், கிளீவ்லாந்துக்கு மேற்கே, பிர்ச்மியர் என்ற ஊரில் கிளிஃப் ஹான்ராட்டியின் வீட்டு புரோக்கர் அலுவலகம். அதில் லினெட்டுக்கு ஜன்னலோர மேசை, எனக்கு வாசல் மேசை. மதுரைக்காரி இந்திராணியான நான் அங்கே வெறும் ராணி. வருகிறவர்களுக்கு வணக்கம் சொல்ல வேண்டும், கொடுக்கிற காகிதத்தை வாங்கித் தேதியும் நேரமும் குறிக்க வேண்டும், நம் ஊர்க்காரர்கள் யாராவது வந்தால் வீடு காட்ட வேண்டும். இதுதான் என் பிழைப்பு.

லினெட்டின் அப்பா இரும்பாலையில் கிரேன் ஓட்டியவர். பத்தொன்பது வயதில் அவள், விற்பனைக்கு வந்த காலி வீடுகளைக் கழுவித் துடைக்கிற வேலைக்குப் போனாள். "கக்கூஸ் கழுவிக் கழுவியே எந்த வீடு என்ன விலைக்குப் போகும்னு கத்துக்கிட்டேன்" என்று பெருமையாகச் சொல்வாள். புருஷன் ரே, எவளோ ஒருத்தியோடு அரிசோனாவுக்குப் போய்விட்டான். பிள்ளை குட்டி கிடையாது. எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் ஆன வாரம், முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வதக்கி ஏழு நாளும் சட்டியில் கொண்டுவந்து வைத்தவள் அவள் ஒருத்திதான். கெட்டவளாக மட்டும் இருந்திருந்தால் இவ்வளவு எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஒஹாயோவில் வீட்டு ஏஜென்ட்டுகள் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பல வகுப்புகள் உட்கார வேண்டும். அதில் மூன்று மணி நேரம் தொழில் ஒழுக்கமும் சம வீட்டுரிமைச் சட்டமும். நிறம், மதம், பிறந்த நாடு, பிள்ளைகள் இருக்கிறார்களா இல்லையா என்று பார்த்து யாருக்கும் வீட்டை மறைக்கக் கூடாது என்கிற சட்டம். எங்கள் வட்டாரத்தில் அந்த வகுப்பை எடுத்தவள் லினெட். ஏஜென்ட்டுகள் எல்லாரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அவள் டீச்சரான கதை இருக்கிறதே, அதை அவளே வகுப்பில் சிரித்துக்கொண்டு சொல்வாள். எண்பதுகளில் ஒரு வெள்ளைக்கார ஜோடிக்கு ஏழு வீடு காட்டினாள். அதே சம்பளம், அதே தேவை சொன்ன கறுப்பு ஜோடிக்கு இரண்டே வீடு. இரண்டு ஜோடியும் டெஸ்டர்கள். அதாவது வீடு வாங்க வந்தவர்கள் அல்ல. நம் யோக்கியதையைச் சோதிக்க உரிமைச் சங்கம் ஒன்று ஜோடி ஜோடியாக அனுப்பிவைக்கிற ஆட்கள். லினெட் மாட்டிக்கொண்டாள். தண்டனையாக இந்த வகுப்பில் போய் உட்காரச் சொன்னார்கள். முதல் வரிசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். அடுத்த வருஷமே பரீட்சை எழுதி அவளே பாடம் எடுக்க வந்துவிட்டாள்.

"நான் எதனால மாட்டினேன் தெரியுமா? ரெண்டு வீடு காட்டுனதால இல்ல. ‘அந்தப் பக்கம் உங்களுக்கு ஒத்து வராதும்மா'ன்னு வாய விட்டேன் பாருங்க, அதால" என்று வாயைச் சுட்டிக்காட்டுவாள். "நல்ல ஏரியான்னு சொல்லாதீங்க. அமைதியான தெருன்னு சொல்லாதீங்க. பள்ளிக்கூடம் எப்படின்னு கேட்டா, நீங்களே விசாரிச்சுக்குங்கன்னு சொல்லுங்க. வாய்தான் நமக்கு எமன்."

கூடம் சிரிக்கும். மூன்று மணி நேர வகுப்பை இரண்டே கால் மணியில் முடித்து மூன்று மணி நேரமும் உட்கார்ந்ததாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பாள். யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் வீட்டை ஏன் மறைக்கக் கூடாது என்று ஒரு வகுப்பிலாவது அவள் சொல்லி நான் கேட்டதில்லை. எந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்பதுதான் பாடம். ஏஜென்ட்டுகளும் வாயை மூடிக்கொண்டு, காரை மட்டும் வேறு தெரு வழியாக ஓட்டக் கற்றுக்கொண்டார்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோவில்.

நான் மட்டும் என்ன உத்தமியா? நம் ஆட்கள் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து இறங்குவார்கள். காரில் ஏறினதும் முதல் கேள்வி, "அக்கா, அந்தப் பக்கம் யாரு இருக்காங்க?" "அதெல்லாம் நான் சொல்லக் கூடாதுங்க" என்று சொல்லிவிட்டுப் புருவத்தை ஒரு தூக்குத் தூக்குவேன். புரிந்துகொண்டு வேறு பக்கம் வாங்குவார்கள். லினெட் டீச்சர் வகுப்பில் நான் கற்ற பாடம் அது. சீ, எழுதவே கூசுகிறது.

இரண்டாயிரத்து மூன்று மார்ச் மாதம் வெர்னிஸ் காடிஸ் எங்கள் அலுவலகத்துக்குள் வந்தாள். நாற்பது வயதிருக்கும், கறுப்பினப் பெண். பத்து மணிக்கு வருகிறேன் என்று போனில் சொன்னவள் பத்து அடிக்கும்போது வாசலில் நின்றாள். இஸ்திரி போட்ட நீலக் கோட்டு, கையில் கம்பிச் சுருள் வைத்த பெரிய நோட்டு. கேள்விகளை வரிசையாக எழுதி வைத்திருந்தாள். நான் சொல்கிற ஒவ்வொரு பதிலையும் என் முகத்துக்கு நேரே எழுதிக்கொண்டாள். என் பெயரையும் எழுத்துக்கூட்டிக் கேட்டுக் குறித்தாள்.

உள்ளறைக் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த கிளிஃப் என்னைச் சைகையில் கூப்பிட்டார். "டெஸ்டர்" என்றார். "சட்டைய பாத்தியா? நோட்ட பாத்தியா? நேரத்த பாத்தியா? சாட்சாத் டெஸ்டர்தான். டீச்சரையே அனுப்பு. மாப்பிள்ளை வீட்டு உபசாரம் நடக்கணும், சொல்லிட்டேன்."

எங்கள் தொழிலில் இது ஒரு மூடநம்பிக்கை மாதிரி. கறுப்பினத்தவர் ஒருவர் நேரம் தவறாமல், சுத்தமாக உடுத்தி, தெளிவாகக் கேள்வி கேட்டால் அவர் நிஜமாக வீடு வாங்க வந்தவராக இருக்க முடியாது, டெஸ்டராகத்தான் இருக்க வேண்டும் என்று எல்லா அலுவலகத்திலும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையிலேயே எவ்வளவு அசிங்கம் இருக்கிறது என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை.

லினெட் அந்தம்மாவைத் தாங்கு தாங்கென்று தாங்கினாள். ஐந்து வாரத்தில் பதினான்கு வீடு. ஏரியோரத் தெருக்கள் ஒன்று விடவில்லை. மாடி, நிலவறை, கொதிகலன் அறை, கூரையின் உள்புறம் என்று எல்லாக் கதவையும் திறந்துகாட்டினாள். வெள்ளைக்காரர்களுக்குக்கூட அப்படிக் காட்ட மாட்டாள். வெர்னிஸ் சிறுநீரகச் சுத்திகரிப்பு நிலையத்தில் நர்ஸ். புருஷன் லமான்ட் நகரப் பேருந்து ஓட்டுபவர். நெடுஞ்சாலையை ஒட்டின வாடகை வீட்டில் குடியிருந்தார்கள். பெரிய பெண்ணுக்கு ஆஸ்துமா, புகையில் இரவெல்லாம் இழுப்பு. ஆகஸ்டில் பள்ளி திறப்பதற்குள் ஏரிப்பக்கம் ஒரு வீடு வேண்டும் என்றாள்.

"ஆஸ்துமாவாம்!" என்று லினெட் என் மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னாள். "என்னமா ஜோடிச்சு அனுப்பறாங்க பாரேன். எங்க காலத்துல வந்தவங்களுக்கு இவ்வளவு சாமர்த்தியம் கிடையாது."

நான்காவது வாரம் வெர்னிஸ் சர்க்கரைவள்ளிக்கிழங்கில் ‘பை' என்கிற இனிப்புப் பண்டம் ஒன்றைச் சுட்டுக் கொண்டுவந்தாள். "நாலு ஏஜென்ட்ட பாத்துட்டு வந்தேன், லினெட். ஒருத்தன் போனையே எடுக்கல. ஒருத்தி வீட்டு வாசல்ல கார நிறுத்தி, சாவி மறந்துட்டேன்னா. நீங்கதான் மனுஷியா நடத்துனீங்க" என்றாள். லினெட் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் போனதும் எல்லாரும் ஆளுக்கொரு துண்டு வெட்டித் தின்றோம். "இதுக்கும் சங்கம்தான் காசு குடுத்துதா?" என்று கிளிஃப் கேட்டார். வாய் நிறைய வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன்.

ஏப்ரல் கடைசி வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணி பத்து நிமிஷத்துக்கு வெர்னிஸ் என் மேசை மேல் ஒரு பழுப்பு உறையை வைத்தாள். லினெட் காட்டிய மார்லோ தெரு செங்கல் வீட்டை இன்ன விலைக்கு வாங்கிக்கொள்கிறோம் என்கிற ஆஃபர். கேட்ட விலைக்கு மேலேயே போட்டிருந்தாள். வங்கியின் சம்மதக் கடிதம், அட்வான்ஸ் செக், இருவர் கையெழுத்து, எல்லாம் பக்காவாக இருந்தன. நான் உறை மேல் தேதியும் நேரமும் எழுதி என் பெயரின் முதல் எழுத்தைப் போட்டேன்.

டெஸ்டர்கள் ஆஃபர் கொடுக்க மாட்டார்கள். அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

கிளிஃப் செக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "அடக் கடவுளே. இவ நெஜமாவே வாங்க வந்தவளா?"

அந்த வீட்டை விற்பனைக்கு எடுத்திருந்தது கிளிஃப்தான். சொந்தக்காரர் எமில் டோத் என்ற வயதான மனிதர். ஆஃபர் வந்தால் கையோடு அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது கிளிஃபின் கடமை. அவரோ கதவைச் சாத்திவிட்டு வந்து லினெட்டிடம் தாழ்ந்த குரலில் பேசினார். என் மேசைக்கு நன்றாகவே கேட்டது.

"மார்லோ தெருவுல பாதி வீடு நான் வித்தது, லினெட். இத இவளுக்கு வித்தேன்னா அந்தத் தெருக்காரங்க என்னை உரிச்சு உப்புக்கண்டம் போட்டுடுவாங்க. நான் இந்த உறைய பாக்கல. திங்கக்கிழமை வரைக்கும் உன் பையிலயே இருக்கட்டும்."

"சட்டப்படி..." என்று லினெட் இழுத்தாள்.

"சட்டமெல்லாம் எனக்குத் தெரியும், டீச்சர். உனக்கு வர்ற வீடெல்லாம் எங்கேருந்து வருதுன்னு உனக்கும் தெரியும்."

லினெட் உறையை வாங்கிக் கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். என் பக்கம் பார்க்காமலே கோட்டை மாட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் சனிக்கிழமை அவளுடைய வகுப்பு. என் லைசென்ஸுக்கும் அந்த வருஷம் கெடு. போய் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்தேன். அந்தக் கைப்பை அவள் நாற்காலி முதுகில் தொங்கியது. பத்தரை மணிக்கு டுவேன் என்ற ஒருவன் கை தூக்கினான். "டீச்சர், வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஃபர் வருது. திங்கக்கிழமை குடுத்தா தப்பா?"

நான் அந்தக் கைப்பையைப் பார்த்தேன். லினெட்டின் முகத்தில் ஒரு சலனம் இல்லை.

"கைக்கு வந்த ஒடனே குடுக்கணும்ப்பா. கல்யாண விருந்துல இருந்தாலும் சரி, ஆத்தங்கரையில மீன் பிடிச்சிட்டு இருந்தாலும் சரி. உறை உன் கையில இருக்கற ஒவ்வொரு மணி நேரமும் நீ இன்னொருத்தர் வீட்டத் திருடறேன்னு அர்த்தம்."

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். நானும் எழுதினேன். கை பாட்டுக்கு எழுதியது.

இடைவேளையில் கழிவறைக்குப் போகும் வழியில் அவளை மடக்கினேன். "லினெட், அந்த உறை..."

"எனக்கு அறுபது வயசு, ராணி. கிளிஃப் என்னை வெளிய போகச் சொன்னா எனக்கு யார் மேசை குடுப்பா? நீ என்ன அவளோட வக்கீலா? உன் வேலையப் பாரு." சொல்லிவிட்டு, "மதியம் சாப்பிட என்ன கொண்டுவந்திருக்கே?" என்று கேட்டாள். அவ்வளவு சாதாரணமாகக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கிளிஃப் தன் முடிதிருத்துகிறவரின் மருமகனையும் அவன் பெண்டாட்டியையும் எமில் டோத் வீட்டுக்கு அழைத்துப்போனார். வெர்னிஸ் போட்டதைவிடக் குறைந்த விலைக்கு டோத் கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலை லினெட் போனில் வெர்னிஸிடம், "மன்னிச்சிரும்மா, நம்மள முந்திட்டாங்க. எனக்கே மனசு ஆறல" என்றாள். அந்தக் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை, நான் மட்டும் இருந்த மதிய நேரத்தில், வெர்னிஸ் வந்தாள். நர்ஸ் சீருடையிலேயே வந்திருந்தாள். உட்காரவில்லை.

"ராணிம்மா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். நான் குடுத்த உறை அந்தப் பெரியவர்கிட்ட எப்ப போச்சு?"

"அதை நான் சொல்ல முடியாதும்மா. நீங்க லினெட்டத்தான் கேக்கணும்."

"அவங்க என்னை டெஸ்டர்னு நெனச்சாங்க, இல்ல?"

நான் மேசை மேலிருந்த காகிதங்களை அடுக்கினேன். அவள் சிரித்தாள், சந்தோஷமில்லாத சிரிப்பு. "எங்க சித்தி சொல்லிக் குடுத்தது இது. ‘பெரிய நோட்டா எடுத்துட்டுப் போ, வெர்னிஸ். பேர எழுதிக்கோ, நேரத்த எழுதிக்கோ. டெஸ்டர்னு பயந்துதான் கதவத் திறப்பாங்க'ன்னு. எங்க சர்ச்சுல வீடு தேடற பாதிப் பேர் அப்படித்தான் போறோம். கதவு திறக்கற வரைக்கும் அது வேலை செய்யுது. செக்க நீட்டுனா செய்யல."

கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். ஒரு போன் நம்பர். "சாவி கைமாற இன்னும் இருபத்தஞ்சு நாள் இருக்கு. வெள்ளிக்கிழமையே உறை வந்துது, அவர்கிட்ட போகலன்னு பாத்தவங்க ஒருத்தர் எழுதிக் குடுத்தா நீதிபதிகிட்ட போய் விற்பனையை நிறுத்திரலாம்னு வக்கீல் சொல்றார். நேரம் எழுதினது உங்க கைதானே? உங்களுக்கும் பொண்ணு இருக்குல்ல?"

"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.

இருபத்தைந்து நாள் யோசித்தேன். என் பெண்ணுக்கு அந்த வருஷம்தான் கல்லூரி. கிளிஃப் நினைத்தால் இந்த வட்டாரத்தில் எனக்கு ஓர் அலுவலகமும் கதவு திறக்காது. என் புருஷன் சொன்னார், "ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையேன்னு நீ எதுக்கு நியாயம் வாரி வழங்கறே? அவங்களுக்கு இதெல்லாம் பழக்கம்தானே." அந்தக் கடைசி வார்த்தைக்கு அவரை ஓங்கி ஓர் அறை அறைந்திருக்கலாம். அறையவில்லை. அது எனக்கும் வசதியாக இருந்தது. தினமும் காலையில் சீட்டை எடுத்துப் பார்ப்பேன், திரும்ப மேசை இழுப்பறைக்குள் போடுவேன்.

இருபத்தைந்து நாளும் கழிந்து, ஒரு திங்கட்கிழமை மார்லோ தெரு வீட்டின் சாவி கைமாறியது. புது ஜோடி கிளிஃபுக்கு ஒரு பாட்டில் ஒயின் கொண்டுவந்து கொடுத்தது. செவ்வாய்க்கிழமை காலை நான் வெர்னிஸைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றுவிடாமல்.

போனில் அவள் பின்னால் ஏதோ சிகிச்சை இயந்திரம் விட்டுவிட்டுக் கூவியது. "நேத்து சாவி குடுத்துட்டாங்க. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சுதான் இன்னிக்குக் கூப்பிடறீங்க."

நான் சீட்டைத் திருப்பிவைத்துப் பேனாவை எடுத்தேன். "சரி, வக்கீல் அட்ரஸ் சொல்றேன், எழுதிக்குங்க" என்றாள். நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள்.

நான் எழுதிக் கொடுத்ததை வைத்து அவர்கள் புகார் போட்டார்கள். விசாரணைக்கு வந்த பெண் எமில் டோத்திடமும் போய்க் கேட்டாள். கிழவர் கோபத்தில் கத்தினாராம். "கூட விலைக்கு ஒரு ஆஃபர் வந்துதா? எங்கிட்ட யாருமே சொல்லலையே! யாரு வாங்கினா எனக்கென்ன? நான் ஃப்ளோரிடாவுக்குப் போறவன்!" ஆக, அந்த மனிதரை ஒரு வார்த்தைகூடக் கேட்காமல், தெருவில் ஒருவரைக் கேட்காமல், கிளிஃப் தன் மனசில் இருந்த அழுக்கைத் தெருவின் பெயரில் எழுதியிருக்கிறார். தூ!

வழக்கு நீதிமன்றம் போகவில்லை. தப்பு செய்ததாக ஒப்புக்கொள்ளாமலே அலுவலகம் வெர்னிஸுக்கு ஒரு தொகை கொடுத்தது. வீடு போனது போனதுதான். ஆகஸ்ட் வந்தபோது அவர்கள் அந்த நெடுஞ்சாலை வீட்டிலேயேதான் இருந்தார்கள். கிளிஃப் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. புகார் கொடுத்த ஆளை அனுப்பினால் இன்னொரு வழக்கு வரும் என்று அவருடைய வக்கீல் சொல்லியிருந்தார். வேலை போய்விடும் என்றுதான் நான் அந்த இருபத்தைந்து நாளும் பயந்திருந்தேன்.

ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையும் இருந்தது. அலுவலகத்தில் உள்ள அத்தனை பேரும் ஆறு மணி நேரம் சம வீட்டுரிமைப் பயிற்சிக்குப் போக வேண்டும். காகிதத்தில் இருந்தது அலுவலகத்தின் பெயரும் கிளிஃபின் கையெழுத்தும் மட்டுமே. லினெட்டின் பெயர் எங்கும் இல்லை. எங்கள் வட்டாரத்தில் அந்தப் பயிற்சி கொடுக்க அனுமதி பெற்றவள் அவள் ஒருத்திதான்.

அக்டோபரில் இரண்டு சனிக்கிழமை உட்கார்ந்தோம். கிளிஃப் கடைசி வரிசையில் பந்தய முடிவுகள் படித்தார். லினெட் புதுப் பவர்பாயின்ட் போட்டிருந்தாள். அதில் ஓர் உதாரணம்: ஏதோ ஓர் ஊர், ஏதோ ஓர் அலுவலகம், ஒரு நர்ஸ், மூன்று நாள் பைக்குள் கிடந்த உறை. "இப்படியும் இருக்காங்க பாருங்க" என்று தலையை ஆட்டினாள். அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அதை அவள் நிஜமாகவே வேறு யாரோ செய்ததாக நினைக்க ஆரம்பித்திருந்தாள் என்று எனக்குப் பட்டது.

கடைசியில் பரீட்சை. இருபதாவது கேள்வி இது: மேற்படி விஷயத்தை நேரில் பார்த்த சக ஏஜென்ட் எப்போது சொல்லியிருக்க வேண்டும்? நான்கு விடைகள் கொடுத்திருந்தாள். நான் ‘அன்றே' என்பதற்கு எதிரே குறி போட்டேன்.

லினெட் தாளைத் திருத்தி, நூற்றுக்கு நூறு என்று சிவப்பு மையில் எழுதி, சான்றிதழோடு நீட்டினாள். "எப்பவும் நீதான் ஃபர்ஸ்ட், ராணி" என்றாள். வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன். வேலையில் நீடிக்க அது தேவைப்பட்டது.